செட்டிநாட்டு வீட்டின் முற்றக் கூரையை அனிமேஷனில் காட்டுவது எப்படி?

காரைக்குடி வரைவாளர்:
வணக்கம். கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டை (முன்பகுதிக்கு அடுத்துள்ள பகுதியை) தங்கும் அறைகளாக மாற்றும் வேலை எனக்குக் கிடைத்துள்ளது. வீட்டுக்குப் பங்காளிகள் ஏழு பேர். வளவின் (தாழ்வாரங்கள் சூழ்ந்த நடுப்பகுதியின்) திறந்த முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போடலாமா என்பதில் அவர்களுக்குள் இழுபறி. வரைபடத்தை விரித்தபோது மூத்த ஆச்சி, "கோடுகளையெல்லாம் காட்டாதீங்க தம்பி, வெயில் எதுவரைக்கும் வரும், மழைத் தண்ணி எங்கே போகும், அதைச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார். ஆகவே, வானிலிருந்து கேமரா இறங்கி வீட்டுக்குள் நுழைவதுபோல இரண்டு நிமிட அனிமேஷன் செய்ய எண்ணுகிறேன். ஸ்கெட்ச்அப் மென்பொருளில் வீட்டின் முப்பரிமாண மாதிரி தயாராக உள்ளது. அதை பிளெண்டர் மென்பொருளில் ரெண்டர் செய்ய, அதாவது படங்களாக உருவாக்க, என் பழைய கணினி தாங்குமா?

மதுரை ரெண்டர் கலைஞர்:
முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படம்) என்றால் இரண்டு நிமிடத்துக்கு 3000 பிரேம். ஒன்றுக்கு 5 நிமிடம் பிடித்தால் 250 மணி நேரம், அதாவது பத்து நாளுக்கும் மேல். பிளெண்டரில் உள்ள இரண்டு ரெண்டர் முறைகளில், சைக்கிள்ஸுக்குப் பதிலாக ஈவீயில் செய்தால் வேகம் கூடும். எதில் செய்தாலும் நேரடியாக வீடியோவாகச் சேமிக்காமல், ஒவ்வொரு பிரேமையும் தனிப் படமாகச் சேமியுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தரையின் ஆத்தங்குடிக் கல்லில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டாதீர்கள். கண்ணாடித் தகட்டின்மேல் கையால் வார்க்கும் கல் அது. ஒன்றுக்கொன்று நிறம் சற்றே மாறினால்தான் தரை உயிரோடு தெரியும்.

கட்டடக் கலைஞர், புதுக்கோட்டை:
வானிலிருந்து இறங்க வேண்டாம், ஆச்சி பருந்தல்லர். முகப்பிலிருந்து வளவு, அடுத்த கட்டு என்று ஒரே நேர்கோட்டில் நடந்து பார்ப்பதற்காகவே அமைந்த வீடு அது. ஐந்தேகால் அடி உயரத்தில் கேமராவை வைத்து மெதுவாக நடத்திச் சென்று, முற்றத்தின் ஓரத்தில் நிறுத்திவிடுங்கள். அதன்பின் கேமரா அசையாமல் சூரியன் மட்டும் நகரட்டும். உங்கள் ஊர் ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஜூன் நண்பகலில் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். டிசம்பரிலோ தெற்கே 33 பாகை சாய்ந்திருக்கும். திறந்த முற்றம், கண்ணாடி மூடிய முற்றம் இரண்டையும் அதே இடத்திலிருந்து காட்டினால் நாற்பது நொடி போதும். மழைத் தண்ணீருக்குக் கூரைச் சரிவில் அம்புக்குறிகளை ஓடவிட்டாலே விளங்கும். ஆனால் வெக்கை படத்தில் தெரியாது. முற்றத்தின் வழியாக மேலேறி வெளியேறும் சூடான காற்றைக் கண்ணாடி தடுத்துவிடும் என்பதை நீங்கள்தான் வாயால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அழகான படமே கண்ணாடிக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்துவிடும்.

தேவகோட்டை ஒப்பந்ததாரர்:
ஒன்று மட்டும் சொல்கிறேன். முன்பு ஒரு படத்தில் அலங்காரத்துக்காகத் தேக்குத் தூண்களை நிறுத்தினோம். மதிப்பீட்டில் இல்லாத அந்தத் தூண்களை உரிமையாளர் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். பட்டியலில் இல்லாத பொருளைப் படத்தில் வைக்காதீர்கள்.

காரைக்குடி வரைவாளர்:
அனைவருக்கும் நன்றி. சூரியனைப் பொருத்துவதற்கு முன் மாதிரியின் வடதிசையைச் சரிபார்த்தேன். 90 பாகை திரும்பியிருந்தது. இத்தனை நாளும் என் வளவில் வெயில் தவறான தாழ்வாரத்தில்தான் விழுந்திருக்கிறது.