'உறைதல்' வேண்டாம், 'நிலைகுத்தல்' என்போம்: எஸ்எஸ்டி கோளாறுக்கு ஒரு கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

கணினி அசைவற்று நின்றுவிடுவதற்கு 'உறைதல்' என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற மடலில் நண்பர் எழுதியிருந்தார். அச்சொல் பரவலாக வழங்குகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் லினக்ஸ் இயங்குதளத்துக்கான வழுநீக்கக் கையேட்டில் அது படிப்பவரைத் தவறான இடத்துக்கு இட்டுச்செல்லும் என்பது என் கருத்து. நான் அண்மையில் பழுது பார்த்த மடிக்கணினி ஒன்றைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

அதில் என்விஎம்இ (NVMe) என்ற விரைவு இணைப்பு வகை எஸ்எஸ்டி (SSD, சுழலும் வட்டில்லாச் சேமிப்பகம்) பொருத்தப்பட்டிருந்தது. கோளாறு நேரும்போது சுட்டி நகர்ந்தது. திறந்திருந்த முனையத்தில் தட்டிய எழுத்துகளும் தோன்றின. ஆனால் சேமிப்பகத்தைத் தொடவேண்டிய கட்டளை எதற்கும் மறுமொழி வரவில்லை. ஏறத்தாழ அரை நிமிடம் கழித்து, தேங்கியிருந்தவை அனைத்தும் ஒருசேர ஓடின. இயங்குதளத்தின் கருவான கர்னலின் பதிவுகளில், சேமிப்பகத்துக்கு அனுப்பிய கோரிக்கை காலங்கடந்துவிட்டதாக ஒரு வரி இருந்தது. அவ்வகை எஸ்எஸ்டியைக் கையாளும் நிரலான என்விஎம்இ இயக்கி ஒரு கோரிக்கைக்கு இயல்பாக 30 நொடி காத்திருந்த பிறகே அதைக் கைவிடவோ எஸ்எஸ்டியின் கட்டுப்படுத்தியை மீட்டமைக்கவோ முயல்கிறது என்பதால், அந்த அரை நிமிடத்துக்குக் காரணம் விளங்கிவிட்டது. வேலையில்லாதபோது எஸ்எஸ்டி தானாகவே மின்சேமிப்பு நிலைகளுக்கு இறங்கும் வசதியை 2017-இல் வெளிவந்த 4.11 பதிப்பிலிருந்து கர்னல் பயன்படுத்துகிறது. சில எஸ்எஸ்டிகள் ஆழ்ந்த நிலைக்கு இறங்கியபின் ஒழுங்காக எழுவதில்லை. அதற்கான தாமத வரம்பைக் கர்னலின் தொடக்க அளபுருவில் சுழியமாக்கி, அவ்வசதியை அணைத்ததும் கோளாறு நின்றது. மின்கலம் சற்று விரைவாகத் தீர்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்நிகழ்வை 'உறைதல்' என்று எழுதினால் என்ன ஆகும்? லினக்சில் உறையவைப்பது கர்னல் வேண்டுமென்றே செய்யும் வேலை. கணினியைத் துயிலுக்கு அனுப்புமுன் அது செயலாக்கங்களை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை, உறையவைக்கிறது. ஒரு கணத்தின் நிலையை அப்படியே காட்டும் நகலான நிலைப்பிடி (snapshot) எடுப்பதற்காகக் கோப்பு முறைமையையும் நாம் உறையவைத்துப் பின்னர் இளக்குகிறோம். பழுதுக்கும் இவ்வேலைக்கும் ஒரே சொல் என்றால், 'செயலாக்கங்கள் உறையவைக்கப்பட்டன' என்ற இயல்பான பதிவைத் தமிழில் படிப்பவர் அதையே பழுது என்று எண்ணி, உண்மைக் காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுவார்.

'முடக்கம்' என்பதை ஒரு வசதியை வேண்டாமென அணைத்துவைப்பதற்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். 'செயலிழப்பு' என்றால் மீளாதது என்ற பொருள் வந்துவிடுகிறது. மேற்சொன்ன கணினியோ ஒவ்வொரு முறையும் மீண்டது.

ஆகவே 'நிலைகுத்தல்' என்ற சொல்லை முன்மொழிகிறேன். 'பார்வை நிலைகுத்தி நின்றது' என்று சொல்லும்போது கண் திறந்தே இருக்கிறது, அசைவு மட்டும் இல்லை. திரை ஒளிர்ந்துகொண்டிருக்க, உள்ளே எதுவும் நகராத நிலையும் அதுவே. நிலைகுத்திய பார்வை மீளவும் கூடும், மீளாமலும் போகலாம். இறப்பின் சாயல் இச்சொல்லில் உண்டு என்பதை உணர்ந்தே சொல்கிறேன். மீளாத வகையும் இருப்பதால் அது பொருந்தாமல் போகவில்லை. வினையாகவும் எளிதில் வளைகிறது: 'கணினி நிலைகுத்துகிறது' என்று பயனர் எழுதலாம், ஒரு பணி 120 நொடிக்கு மேல் தடைபட்டுக் கிடக்கும்போது கர்னல் எச்சரிப்பதை 'நிலைகுத்திய பணி' எனலாம்.

இதனோடு சேர்ந்த இன்னொரு சொல்லையும் முடிவு செய்ய வேண்டும். சேமிப்பகத்தின் மறுமொழிக்காகக் காத்திருக்கும் செயலாக்கம் செயலாக்கப் பட்டியலில் டி (D) என்ற நிலைக்குறியுடன் தெரியும்; செயலாக்கத்தை நிறுத்தும் கில் (kill) கட்டளைக்கு 9 என்ற கட்டாய நிறுத்தக் குறிகையைக் கொடுத்தாலும் அப்போதைக்கு அது அசையாது. அந்நிலையைக் 'கலையா உறக்கம்' என்று எழுத முதலில் எண்ணினேன். ஆனால் மறுமொழி வந்ததும் அவ்வுறக்கம் கலைந்துவிடுகிறது. இடையில் வேறெவராலும் கலைக்க முடியாது என்பதே செய்தி. எனவே நீளமாக இருந்தாலும் 'கலைக்கவியலா உறக்கம்' என்பதே சரியெனப் படுகிறது. இதைவிடச் சுருங்கிய, பொருள் பிறழாத சொல் இருந்தால் எழுதுங்கள். கையேட்டின் அந்தப் பகுதியை அதுவரை நிறுத்திவைக்கிறேன்.

அன்புடன்.