வாப்பா மெயில் நெறஞ்சுருச்சு
(குழு: கீழக்கரை வீடு)

நசீர் காக்கா, காலை 9.12: அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா உம்ரா விசாவை ஏஜெண்ட் ரெண்டு தடவை மெயில்ல அனுப்பியும் திரும்பி வந்துருச்சாம். மெயில்ல இடம் இல்லையாம். வியாழக்கிழமை ஃப்ளைட். வீட்டுல யாரு இருக்கா?

ஜமீலா லாத்தா: எப்பவும் இருக்கிறவதான்

ரிஹானா மச்சி: ஏஜெண்ட் வாட்ஸ்அப்ல அனுப்பலாமே

ஜமீலா லாத்தா: வாப்பா அவரை ப்ளாக் பண்ணிட்டாங்க. போன தடவை ரூமை தூரமா போட்டுட்டாருன்னு

காதர் சாச்சா: [வீடியோ: பாம்பன் புதுப் பாலம். பலமுறை பகிரப்பட்டது]

அஸ்லம் ஜித்தா: லாத்தா, பொறுமையா படிங்க. கூகுள் ஓசியில தர்றது 15 ஜிபி. மெயில், ட்ரைவ், போட்டோஸ் எல்லாத்துக்கும் சேர்த்துத்தான். வாப்பா போன் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதுலதான் ஏறுது. சைஸ் குறைச்சு ஏத்துற போட்டோ முன்ன கணக்குல வராது, 2021 ஜூன்ல இருந்து அதுவும் வருது. மெயில் தேடுற இடத்துல இங்கிலீஷ்ல லார்ஜர்னு அடிச்சு, மேலயும் கீழயுமா ரெண்டு புள்ளி (:) வச்சு, ஒட்டி 10எம்னு போடுங்க. 10 எம்பிக்கு மேல உள்ளது மட்டும் வரும். வேண்டாததை அழிங்க. அழிச்சதும் போயிடாது, ட்ராஷ்ல 30 நாள் கெடக்கும். அதையும் காலி பண்ணாத்தான் இடம் கிடைக்கும்.

ஜமீலா லாத்தா: ரெண்டு புள்ளி வரைக்கும் வந்தேன்

நசீர் காக்கா: எதுக்கு இவ்வளவு. எல்லாத்தையும் ஆர்க்கைவ் பண்ணிடு

அஸ்லம் ஜித்தா: காக்கா, அது பரண்ல ஏத்துற மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, இடம் அப்படியே அடைச்சிட்டு இருக்கும்

நசீர் காக்கா: நான் 3 வருஷமா அதைத்தான பண்றேன்

ஜமீலா லாத்தா: உங்க வீட்டுப் பரணைப் பார்த்தா தெரியுது

ரிஹானா மச்சி: என் பரணை ஏன் இழுக்குறீங்க

காதர் சாச்சா: யாரும் எதையும் அழிக்க வேண்டாம். பெரியபட்டினம் தோப்புப் பத்திரம் அதுலதான் இருக்கு. 2016ல நான் அனுப்பினது.

நசீர் காக்கா: ஒரிஜினல் உங்ககிட்டதான இருக்கு சாச்சா?

காதர் சாச்சா: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

அஸ்லம் ஜித்தா: சாச்சா, பத்திரம் 2 எம்பி இருக்கும். இதுல வராது

காதர் சாச்சா: 40 பக்கம். கலர்ல.

அஸ்லம் ஜித்தா: அப்ப வரும். லாத்தா அதைத் தொடாதீங்க

ஜமீலா லாத்தா: மொதல்ல வந்து நிக்கிறது நசீர் காக்கா கல்யாண போட்டோ. ஒரு மெயில் 22 எம்பி. இப்படி 31 மெயில்

ரிஹானா மச்சி: அழிக்காதீங்க!!

ஜமீலா லாத்தா: நான் ஒண்ணுமே சொல்லலையே

உம்மா: [குரல் செய்தி 0:41]

ஜமீலா லாத்தா: அஸ்லத்துக்கு தொதல் அல்வா எத்தனை கிலோன்னு உம்மா கேக்குறாங்க

அஸ்லம் ஜித்தா: 2. இல்ல 3. ரூம்ல பசங்க இருக்காங்க

நசீர் காக்கா: மொதல்ல விசா வரட்டும்டா

வாப்பா, காலை 10.40: என் மெயிலை யார் திறந்தது

ஜமீலா லாத்தா: நீங்கதான வாப்பா போனைக் குடுத்தீங்க

வாப்பா: அஸ்லம் பணம் அனுப்புன ரசீது ஒண்ணு கூட போகக் கூடாது

நசீர் காக்கா: என் ரசீது?

வாப்பா: நீ எங்க அனுப்புன

அஸ்லம் ஜித்தா: வாப்பா, மாசாமாசம் காசு கட்டுனா 100 ஜிபி தருவான். எதையும் அழிக்க வேண்டாம்

நசீர் காக்கா: கடையில ஆள் வந்துட்டாங்க. அப்புறம் பேசுறேன்

ரிஹானா மச்சி: 😶

ஜமீலா லாத்தா: ட்ராஷ்ல பேங்க் விளம்பரம் மட்டும் போட்டிருக்கேன். காலி பண்ணவா? யாராவது ஒருத்தர் சொல்லுங்க

காதர் சாச்சா: அஸர் தொழுகைக்கு அப்புறம் நான் நேர்ல வர்றேன். அதுவரைக்கும் கை வைக்க வேண்டாம்.

ஜமீலா லாத்தா: வாப்பா, அதுக்குள்ள ஏஜெண்ட்டை அன்ப்ளாக் பண்ணிடவா? விசா போன்லயே வந்துரும்

வாப்பா: வேண்டாம்