மருத்துவத் துறைகளின் உலகச் சங்கத் தலைவர் தேர்தலில் நீங்கள் நேரில் கண்டது என்ன? (அனுபவப் பகிர்வு)

வைகைக்கரை:
எங்கள் துறையின் உலக மாநாட்டுக்குப் பார்வையாளராகப் போயிருந்தேன். வாக்குரிமை உள்ள பிரதிநிதிகளின் பெயர் அட்டைக்குக் கீழே பச்சை நாடா ஒன்று தொங்கும். என் அட்டையில் அது இல்லை. தேநீர் இடைவேளையில், தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட பேராசிரியர் தாமாகவே வந்து என் கையைப் பற்றி, எங்கள் பக்கத்து நோயாளிகள் எவ்வளவு தொலைவிலிருந்து சிகிச்சைக்கு வருகிறார்கள் என்று கேட்டார். நான் விடை சொல்லத் தொடங்கியபோது அவர் பார்வை என் முகத்திலிருந்து அட்டைக்கு இறங்கியது. கைப்பிடி தளர்ந்தது. நான் வாக்கியத்தை முடிப்பதற்குள், எனக்குப் பின்னால் நின்ற பச்சை நாடாக்காரரிடம் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வென்றார், நல்ல தலைவராகவும் இருந்தார் என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

நெல்லை மருத்துவர்:
ஐயா, அவரை இவ்வளவு கடிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒருமுறை வாக்கு எண்ணும் குழுவில் இருந்தேன். தோற்றவர், வாக்குத் தாள்களை மீண்டும் ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டபோது அவர் குரல் உடைந்தது மட்டுமே நினைவில் நிற்கிறது. ஒவ்வொரு வாக்கும் அத்தனை முக்கியம். 1977இல் ஹொனலூலுவில் கூடிய உலக மனநல மருத்துவச் சங்கம், அரசை எதிர்த்தவர்களை மனநோயாளிகளாக்கி அடைத்த சோவியத் நடைமுறையைக் கண்டித்த தீர்மானம் 90க்கு 88 என்ற கணக்கில்தான் நிறைவேறியது. நாடுகளாக எண்ணியிருந்தால் எதிர்த்தவையே அதிகம். பெரிய தேசியச் சங்கங்களுக்குக் கூடுதல் வாக்கு என்ற விதிதான் முடிவை மாற்றியது. ஆகவே, போட்டியிட எண்ணும் நண்பர்கள் முதலில் அந்தச் சங்கத்தின் விதிமுறையை வரிவிடாமல் படியுங்கள். யாருக்கு எத்தனை வாக்கு, ஒருவர் இன்னொருவருக்காக வாக்களிக்கலாமா, வேட்புமனுவை உங்கள் தேசியச் சங்கம் முன்மொழிய வேண்டுமா, அதற்குக் கடைசி நாள் எது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் வெளிநாட்டுப் பிரதிநிதிகளைத் தேடி ஓடுகிறார்கள். சொந்த நாட்டுச் செயற்குழுவே கைவிரித்துவிட்டால் மனுவே போகாது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

யாழ் மருத்துவர்:
விதிமுறையைப் படித்துவிட்டால் போதும் என்பதுபோல் நெல்லை மருத்துவர் எழுதியிருக்கிறார். எங்கள் சிறிய சங்கத்துக்கு நான் பொருளாளராக இருந்த காலத்தில் உலக அமைப்புக்கான சந்தா பாக்கியாக இருந்தது. பாக்கி வைத்த சங்கத்துக்கு வாக்கில்லை. மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பு, இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வேட்பாளரின் ஆதரவாளர் தொலைபேசியில் அழைத்து, மிகுந்த மரியாதையுடன், "தொகை எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள் டொக்டர், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். நான் மறுத்தேன், செயற்குழுவும் மறுத்தது, எங்கள் பிரதிநிதி வாக்கில்லாமல் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். அந்த வேட்பாளருக்கு இந்த அழைப்பு தெரிந்திருந்ததா, அன்றிரவு இன்னும் எத்தனை பொருளாளர்களுக்கு அதே குரல் போனது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஓய்வுபெற்ற செயலாளர்:
மூவரும் எழுதியதைப் படித்தால் இந்தப் பதவி முழுக்கப் பேரம்தான் என்று இளையவர்கள் எண்ணிவிடுவார்கள். யாழ்ப்பாணத்து நண்பருக்கு நினைவூட்டுகிறேன்: இலங்கைத் தமிழரான சபாரத்தினம் அருள்குமரன் 2007 முதல் 2010 வரை பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரிக்குத் தலைவராக இருந்து, 2012 முதல் 2015 வரை பன்னாட்டு மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோவுக்கும் தலைவரானார். பிரசவ அறையிலும் பயிற்சி வகுப்பிலும் பல்லாண்டு உழைத்த பெயர் அது.

நான் கண்டதையும் சொல்கிறேன். எங்கள் பொதுச்சபையில் ஒரு வேட்பாளர், தட்டுத்தடுமாறிய ஸ்பானிய மொழியில் இரண்டு வாக்கியங்கள் பேசித் தம் உரையைத் தொடங்கினார். லத்தீன் அமெரிக்கப் பிரதிநிதிகள் அமர்ந்திருந்த வரிசையில் ஒவ்வொருவராக மொழிபெயர்ப்பைக் கேட்கும் காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்கள். உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தவர்களும் அவர்களே; வாக்களித்தவர்களும் அவர்களே என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, வெல்வதோடு முடிவதில்லை. உலக மனநல மருத்துவச் சங்கத்தில் முதலில் அடுத்த தலைவராகத்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். 2011இல் தேர்வான தினேஷ் புக்ரா 2014இல்தான் பொறுப்பேற்று 2017 வரை தலைவராக இருந்தார். ஆறு ஆண்டுகள் வெளிநோயாளர் பிரிவையும் மாணவர்களையும் யாரிடம் ஒப்படைப்பது என்பதற்கு விடை இல்லாதவர் மனுப் போடாமல் இருப்பதே நல்லது.

வைகைக்கரை:
ஐயா, பேரம் என்று நான் எழுதவில்லை. கையை விட்டதைத்தான் எழுதினேன். நெல்லை மருத்துவருக்கு ஒன்று: அந்தப் பேராசிரியர் மூன்று நாளும் அந்த மண்டபத்தில்தான் இருந்தார், தேர்தல் முடிந்த மறுநாள் நான் அவரெதிரே அமர்ந்தே காலை உணவு உண்டேன். அப்போதும் நோயாளிகளைப் பற்றிய அந்தக் கேள்வியின் மீதிக்கு அவர் திரும்பவில்லை.

யாழ் மருத்துவர்:
செயலாளர் ஐயா, அருள்குமரன் அவர்களைப் பற்றி எங்களுக்கும் பெருமைதான். ஆனால் என் கேள்வி அவரைப் பற்றியதல்ல, அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றியது. உங்கள் காலத்தில் உங்களுக்கு அப்படி ஓர் அழைப்பு வந்ததா, இல்லையா?