1816இல் ஒப்பந்தக் கலியாணம்: என் கதாநாயகியின் பணம் யார் கைக்குப் போகும்?

உவர்மலை வாசகி

எல்லாருக்கும் வணக்கம். இணையத்தில் தொடர்கதை எழுதுகிறேன். இந்த முறை ஆசைப்பட்டு இங்கிலாந்தின் ரீஜன்சி காலத்தை (மன்னருக்குப் பதிலாக மகன் ரீஜன்டாக ஆண்ட காலம்) எடுத்திருக்கிறேன், கதை நடப்பது 1816. கதாநாயகிக்கு இருபது வயது, தாய் தகப்பன் இல்லை, தகப்பனின் உயில்படி தாய்மாமன்தான் பாதுகாவலர். அவள் பெயரில் பத்தாயிரம் பவுண் இருக்கிறது, ஆனால் கலியாணம் முடித்தால்தான் கைக்கு வரும், மாமாவோ தன் மகனுக்கே அவளைக் கட்டிவைக்கப் பார்க்கிறார். கதாநாயகன் கடற்படைக் கப்டன், நெப்போலியனோடு நடந்த யுத்தம் முடிந்ததால் கப்பல் இல்லாமல் அரைச் சம்பளத்தில் கரையில் இருக்கிறான், தகப்பன் விட்டுப்போன கடன் வேறு தலைக்கு மேல்.

இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: ஊருக்காகக் கலியாணம், தனித்தனி அறை, பணத்தில் பாதிப் பாதி, ஒரு வருடத்தில் "நாங்கள் சேர்ந்து வாழவில்லை" என்று சொல்லிக் கலியாணத்தை ரத்துச் செய்துவிட்டு அவரவர் வழி. இதெல்லாம் அந்தக் காலத்துச் சட்டத்தில் நடக்குமா? அவளுடைய பணம் அவளிடம் இருக்குமா? கடைசி அத்தியாயத்தில் இருவரையும் எங்கள் திருகோணமலைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் ஆசை, அது பொருந்துமா? ஆடையும் நடனமும் எல்லாரும் எழுதிவிட்டார்கள், எனக்கு இந்தக் காசுக் கணக்கு சரியாக வரவேண்டும்.

கந்தோர்க்காரன்

பிள்ளை, நல்ல கேள்வி. நான் நொத்தாரிசு ஒருவரிடம் நெடுங்காலம் உறுதி எழுதியவன், அதனால் பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், உங்கள் கதை முழுக்க அதில்தான் நிற்கிறது.

அந்தக் கால இங்கிலாந்துச் சட்டப்படி கலியாணம் முடிந்த அந்த நிமிடமே பெண்ணின் காசு, நகை, தளபாடம் எல்லாம் புருசனுக்கு முழுச் சொந்தம். காணி என்றால் கொஞ்சம் வேறு, வாடகையும் குத்தகையும் அவன் எடுக்கலாம், அவள் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. மனைவி தன் பெயரில் வழக்குப் போடவோ ஒப்பந்தம் செய்யவோ முடியாது. இது மாறத் தொடங்கியதே 1870ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான், சரியாக மாறியது 1882இல். ஆகவே "பாதிப் பாதி" என்று வாயால் பேசியது எந்த நீதிமன்றத்திலும் நிற்காது.

இதற்கு அன்றைய பணக்காரக் குடும்பங்கள் கண்டுபிடித்த வழி, கலியாணத்துக்கு முன்பே எழுதும் பத்திரம். பணத்தை நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் இரண்டு மூன்று பேர் பெயரில் போட்டுவிடுவார்கள், முதல் அசையாது, வட்டி மட்டும் அவளுடைய தனிப் பாவனைக்கு வரும். ஐந்து வீத அரசுக் கடன்பத்திரத்தில் பத்தாயிரம் பவுண் போட்டால் வருடத்துக்கு ஐந்நூறு. அவளுடைய கைச்செலவுக் காசு எவ்வளவு, அவன் செத்தால் அவளுக்கு வருடம் எவ்வளவு, பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கு எவ்வளவு, எல்லாம் அந்தப் பத்திரத்தில் இருக்கும். சும்மா கேட்டால் வறண்ட விசயம் போல இருக்கும், ஆனால் உங்கள் கதாநாயகனுக்கும் கதாநாயகிக்கும் முதல் நெருக்கம் வரவேண்டியது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். பிள்ளைகளுக்கான பந்தி எழுதும்போது அந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டி வரும் அல்லவா?

இன்னொன்று. அதே காலத்தில் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையைப் பாருங்கள். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்து முடித்தது, ஆங்கிலேயர் 1806இல் சட்டமாக ஏற்றுக்கொண்டார்கள். அதில் பெண்ணின் சீதனம் பெண்ணின் சொத்தாகவே இருக்கும், காணி விற்கப் புருசனின் சம்மதம் வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தாலும் உரிமை அவளுடையது. லண்டன் சீமாட்டி வக்கீலுக்குக் காசு கொட்டிப் பத்திரம் எழுதி வாங்கியதை எங்கள் பெண் வழமையிலேயே வைத்திருந்தாள். கிழக்கில் இன்றும் வீடு பெண்பிள்ளைக்குத்தானே. திருகோணமலையில் முடிக்கிறீர்கள் என்றால் இதை விட்டுவிடாதீர்கள்.

சரித்திரம் படிப்பித்தவள்

அண்ணா பணத்தைச் சொல்லிவிட்டார், நான் கலியாணத்துக்கு வருகிறேன் தங்கச்சி.

இருபது வயது என்பதுதான் முதல் சிக்கல். 1754இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டப்படி 21க்குக் கீழே இருப்பவர் அனுமதிப்பத்திரம் எடுத்துக் கட்டினால் பாதுகாவலரின் சம்மதம் கட்டாயம், இல்லாவிட்டால் கலியாணமே செல்லாது. கன்ரபரி பேராயரின் விசேட அனுமதி இருந்தால் எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் கட்டலாம், ஆனால் அதுவும் இந்தச் சம்மதத்தைத் தள்ளிவிடாது, நிறையக் கதைகளில் இதை மறந்துவிடுகிறார்கள். தேவாலயத்தில் மூன்று ஞாயிறு அறிவித்தல் வாசித்துக் கட்டினால், மாமா எழும்பி மறுக்காதவரை செல்லும். இல்லையென்றால் ஸ்கொட்லாந்து எல்லைக்கு ஓட்டம். இந்தச் சட்டம் அங்கே செல்லாது, எல்லையோர ஊரான கிரெட்னா கிரீனில் சாட்சிகள் முன்னால் சொன்னால் போதும், ஆனால் லண்டனிலிருந்து முந்நூறு மைலுக்கு மேல். பத்திரம் எழுதாமல் ஓடினால் அண்ணா சொன்னபடி காசு முழுக்க அவன் கையில். மாமாவிடமிருந்து தப்ப ஓட வேண்டும், ஓடினால் பாதுகாப்பு இல்லை! இதைவிடப் பெரிய இக்கட்டு உங்கள் கதைக்கு வேண்டாம்.

அடுத்தது ரத்து. தனித்தனி அறையில் இருந்தார்கள் என்பது அன்று ஒரு காரணமே இல்லை. ஒருவருக்கு உடலளவில் முடியாது என்று தேவாலய நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அதற்கும் பொதுவாக மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்க வேண்டும். வேண்டுமென்றே சேராமல் இருப்பதைக் காரணமாக ஏற்றது 1937ஆம் ஆண்டுச் சட்டம். முழு விவாகரத்துக்குப் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டும், 1857க்கு முன் அப்படி வாங்கிய பெண்கள் நான்கே பேர். ஆகவே அந்த ஒரு வருடக் கணக்கைத் தூக்கிப் போடுங்கள். ஆயுள் முழுக்க என்று தெரிந்தே கையெழுத்து வைக்கிறாள் என்று எழுதுங்கள், அப்போதுதான் அவளுடைய துணிவு வாசகருக்குப் புரியும்.

தேவைக்குக் கட்டுவது அன்று கேவலமும் இல்லை. ரீஜன்ட் இளவரசரே 1795இல் கரோலினைக் கட்டியது தன் கடனை அடைக்கத்தான். அந்தக் கலியாணம் நாறிப்போனது வேறு கதை. அவருடைய ஒரே மகள் 1817இல் பிரசவத்தில் இறந்ததும், வாரிசு இல்லையே என்று அவருடைய தம்பிமார் 1818இல் அவசர அவசரமாகக் கலியாணம் செய்தார்கள். அதில் ஒரு தம்பிக்கு 1819இல் பிறந்தவர்தான் விக்டோரியா மகாராணி. நாங்கள் திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது நுழைகிற கோட்டைக்குப் பெயர் தந்த பிரெட்ரிக்கும் ரீஜன்டின் தம்பிதான், அவர் 1791இல் புருசிய இளவரசியைக் கட்டி, பிள்ளை இல்லாமல், பிறகு பிரிந்தே வாழ்ந்தார்.

துறைமுகத்தடி

திருகோணமலை தாராளமாகப் பொருந்தும். 1795 ஓகஸ்டில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த துறைமுகம், கடற்படைத் தளம். சுயஸ் கால்வாய் 1869இல்தான், அதனால் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பல். ஒருவரையொருவர் அறியாத புருசன் மனைவிக்கு அத்தனை மாதம் ஒரு சின்ன அறை! நான் என்றால் கடைசி அத்தியாயம் வரை காத்திருக்க மாட்டேன், நடுக்கதையையே கப்பலில் வைப்பேன்.

ஒரு எச்சரிக்கை, 1816இல் கப்பல் கிடைப்பது குதிரைக்கொம்பு. நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ல்ஸ் ஆஸ்டினின் 'ஃபீனிக்ஸ்' கப்பல் அதே 1816இல் உடைந்தது, அடுத்த கப்பல் கிடைத்தது 1826இல். அவர் 1852இல் பர்மா யுத்தத்தின்போது இறந்தார், அடக்கம் செய்திருப்பது இங்கேதான், எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய கல்லறையில். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அவருடைய வாழ்க்கையே உங்களுக்கு உதவும். முதல் மனைவி ஃபனி பிள்ளைகளோடு கப்பலிலேயே குடியிருந்தவர், 1814இல் பிரசவத்தின் பின் அங்கேயே இறந்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது ஃபனியின் அக்கா ஹரியட், 1820இல் சார்ல்ஸ் அவரையே கட்டினார். எங்களுக்கு இது சாதாரணம், அக்கா போனால் பிள்ளைகளுக்காகத் தங்கச்சியைக் கட்டிவைப்பார்கள். அங்கே தேவாலயச் சட்டம் தடுத்த உறவு, யாராவது வழக்குப் போட்டால் கலியாணம் கலைந்துவிடும். 1835இல் வந்த சட்டம் பழைய கலியாணங்களைக் காப்பாற்றி, இனி இப்படிக் கட்டினால் செல்லவே செல்லாது என்றது.

உவர்மலை வாசகி

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. ஒரு வருட ஒப்பந்தத்தை வெட்டிவிட்டேன். அவளுக்கு 21 ஆக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதுவரை மாமாவைச் சமாளிக்கிறாள், அதற்குள் பத்திரமும் தயாராகிறது என்று மாற்றுகிறேன். அவனுக்குக் கடற்படையில் கப்பல் கிடைக்காது என்றால், வியாபாரக் கப்பல் ஒன்றில் கப்டனாக வேலை எடுத்துக் கிழக்கே வரட்டும். கந்தோர் அண்ணா, பிள்ளைகளுக்கான அந்தப் பந்தி எப்படி எழுதப்படும் என்று ஒரு மாதிரி வசனம் தருவீர்களா? அந்த அத்தியாயத்தைத்தான் முதலில் எழுதப் போகிறேன்.