புது பம்பருக்குப் பெயிண்ட்: உரியாமல், குழி விழாமல் அடித்த அனுபவங்கள்

போன மழைக்காலத்தில் எங்கள் பட்டறைக்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது. சென்னை புதுப்பேட்டை பார்ட்ஸ் கடையில் வாங்கிய கறுப்பு பம்பர், வேறொரு இடத்தில் பெயிண்ட் அடித்தது. வாட்டர் வாஷில் பிரஷர் கன்னைக் காட்டியதுமே ஓரம் கிளம்பிவிட்டதாம். நகத்தால் தூக்கினேன், வாழைப்பட்டை மாதிரி நீளமாக உரிந்து வந்தது. அடித்த பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான், மேலே அடிக்கும் நிறமில்லாத பளபளப்பு கோட்டான கிளியரும் நல்லதுதான். ஆனால் அடியில் இருந்த பிளாஸ்டிக்கில் ஒரு கீறல்கூட இல்லை, கடையில் வாங்கிய பளபளப்பு அப்படியே இருந்தது.

பம்பரைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் பிபி, ஈபிடிஎம் என்று எழுத்து இருக்கும். பாலிப்ரொப்பிலீனும் ரப்பரும் கலந்தது. பக்கத்தில் டி20 என்று இருந்தால் நூற்றுக்கு 20 பங்கு டால்க் என்ற கல் பொடி சேர்ந்திருக்கிறது. இந்த வகை பிளாஸ்டிக்கில் தண்ணீரே ஒட்டாது, முத்து முத்தாக உருண்டு ஓடும். பெயிண்ட் மட்டும் எப்படிப் பிடிக்கும்? ஏபிஎஸ் என்று எழுதியிருந்தால் கவலை குறைவு, அந்த வேறு வகை பிளாஸ்டிக் பெயிண்டை நன்றாகவே பிடிக்கும்.

அதனால் எங்கள் பட்டறையில் ஸ்ப்ரே கன்னைவிட வாளிக்கும் சோப்புக்கும்தான் அதிக நேரம் போகிறது. அச்சிலிருந்து பம்பர் சுலபமாகக் கழன்று வருவதற்குப் பூசும் மெழுகு மாதிரியான பொருள் மேலே தங்கியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, சாம்பல் நிற ஸ்காட்ச்பிரைட் தேய்ப்பு நாரால் மூலை முடுக்கெல்லாம் தேய்க்க வேண்டும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்த மெழுகைக் கீறலுக்குள் தேய்த்து விடுகிறோம். கடைசியாக நல்ல தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். தேய்த்த இடத்தில் தண்ணீர் பரவி நின்றால் சரி, இன்னும் உருண்டு ஓடினால் மறுபடியும் சோப்பு.

பல இடங்களில் துணியை என்சி தின்னரில் (பெயிண்டை இளக்கும் காரமான கரைப்பான்) நனைத்துத் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பிளாஸ்டிக் அதைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், பெயிண்டுக்கு அடியிலிருந்து பிறகு வெளியேறப் பார்க்கும், கொப்புளம் வரும். பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் கிளீனர் போதும். கரடுமுரடான 180 நம்பர் உப்புத்தாளும் வேண்டாம், மேல்பரப்பு நார் நாராகக் கிளம்பிவிடும். கீறலை எடுக்க அதைவிட நைஸான 400, அப்புறம் 600.

அதற்குப் பிறகுதான் அடீஷன் ப்ரோமோட்டர், அதாவது பிளாஸ்டிக்கில் பெயிண்ட் பிடிக்க வைக்கும் திரவம். தண்ணீர் மாதிரி இருக்கும், மெல்லியதாக ஒரு கோட் அல்லது இரண்டு. அதன்மேல் உப்புத்தாள் படக்கூடாது. டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் கலருக்கு அடியில் போடும் பிரைமர் விழ வேண்டும். அந்த வெள்ளைக் காருக்கும் பழையதை முழுக்க உரித்து இப்படித்தான் செய்தோம். பிறகு பல தடவை பிரஷர் வாஷுக்குப் போய் வந்துவிட்டது, ஓரம் அசையவில்லை.

—

பதில் 1

அண்ணா, நான் பட்டறைக்காரன் இல்லை, வீட்டு ஷெட்டில் டப்பா ஸ்ப்ரேயால் அடித்தவன். எனக்குப் பெரிய தலைவலி தூசிதான். காய்ந்த துணியால் துடைக்கத் துடைக்கப் பிளாஸ்டிக்கில் ஸ்டேடிக் கரண்ட் ஏறி, தூசி பறந்து வந்து ஒட்டுகிறது. தரையை நனைத்துவிட்டு, ஆன்டி ஸ்டேடிக் கிளீனரால் ஒரே பக்கமாக மெதுவாகத் துடைத்த பிறகுதான் அடங்கியது.

இன்னொன்று, பேஸ் கோட் (கலர் கோட்) அடிக்கும்போது வட்ட வட்டமாகக் குழி விழுந்தது. பக்கத்து வீட்டில் பைக்குக்கு சிலிக்கான் பாலிஷ் ஸ்ப்ரே செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் புகை காற்றில் வந்தாலே குழி விழப் போதுமாம். மேலே கனமாக அடித்தால் குழி மூடும் என்று சொன்னார்கள், மூடவில்லை. காயவிட்டு, தேய்த்து, கிளீனர் போட்டுத் திரும்ப அடித்ததும்தான் சரியானது.

—

பதில் 2

தம்பி சொன்ன குழி கம்ப்ரெஸர் லைனில் எண்ணெய் வந்தாலும் விழும். மழை நாளில் டேங்கில் தண்ணீரும் சேரும். காலையில் டேங்க் அடி வால்வைத் திறந்து வடித்துவிட்டுத்தான் நான் கன்னைத் தொடுவேன்.

மெட்டாலிக் கலர் என்றால் பம்பரைத் தரையில் படுக்கவைத்து அடிக்காதீர்கள். காரில் எப்படி நிற்குமோ அப்படியே ஸ்டாண்டில் நிறுத்தி, பக்கத்தில் சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஃபெண்டருக்கு வைத்த அதே தூரம், அதே பிரஷரில் அடியுங்கள். அலுமினியத் துகள் படியும் விதம் மாறினால், டப்பாவில் ஒரே கலராக இருந்தாலும் வெயிலில் பம்பர் தனியாகத் தெரியும். வாடிக்கையாளர் கலர் கலந்தவரைத் திட்டுவார், பாவம் அவர்.

சூடு காட்டுவதாக இருந்தால் 60 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். பம்பரின் நடுவிலும் முட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் தொய்ந்துபோய் ஹெட்லைட் பக்கம் இடைவெளி ஒத்துவராது.