திம்பம் மலைப்பாதை: ஏறுவோரும் இறங்குவோரும் தெரிந்திருக்க வேண்டியவை

கோவை – மைசூர் பாதையில் லாரி ஓட்டுபவர்

கோவையில் இருந்து அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம் வழியாகப் பண்ணாரி வரை சமதளம்தான். பண்ணாரி சோதனைச் சாவடி தாண்டினதும் மலை. அங்கிருந்து திம்பம் உச்சி வரை சுமார் 13 கி.மீ., அதுக்குள்ளே 27 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தில் முதல் வளைவு, உச்சியை ஒட்டி 27-வது. ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். வண்டி நின்றுபோனால் போனில் அந்த எண்ணைத்தான் முதலில் சொல்லணுங்க. கிரேன்காரருக்கும் போலீசுக்கும் அதுதான் முகவரி.

புதுசா வர்ற டிரைவர்கள் ஏத்தத்தை நினைச்சுப் பயப்படுறாங்க. திம்பத்தில் வண்டி மாட்டுறது ஏத்தத்தால் இல்லை, வண்டியோட நீளத்தால். முன் சக்கரம் வளைவைச் சுத்தி வந்திருக்கும். பின் ஆக்சில் அதே தடத்தில் வராது, உள்பக்கம் அறுத்துக்கிட்டு வரும். வளைவின் உள்விளிம்பில்தான் சரிவு ரொம்பச் செங்குத்து. பாரத்தோட பின் சக்கரம் அதில் ஏறும்போது ஒரு பக்கம் தரையை விட்டுத் தூக்கும். தூக்கின சக்கரம் சும்மா சுத்தும், வண்டி நகராது. டிரைவர் பதறி ஆக்சிலரேட்டரை அழுத்தி கிளட்சைப் படக்கென்று விடுவார். ஜாயின்ட் கிராஸ் (எஞ்சின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோற தண்டோட இணைப்பு) உடையும், இல்லாட்டி ஆக்சில் முறியும். வண்டி ரோட்டுக்குக் குறுக்கே நிக்கும். அப்புறம் ரெண்டு பக்கமும் மணிக்கணக்கில் வரிசைதான்.

செய்ய வேண்டியது: வளைவுக்கு 30, 40 மீட்டர் முன்னாலேயே கியரை இறக்கிடணும். வளைவுக்குள்ளே கியர் மாத்தவே கூடாது. எதிரில் எதுவும் வரலைன்னு கிளீனர் இறங்கிப் பார்த்துச் சொன்ன பிறகு, வெளிவிளிம்பை ஒட்டிப் போய், தாமதமாகத் திருப்பணும். கிளீனர் கையில் மரக்கட்டை இருக்கணும். நின்னுட்டா பின் சக்கரத்துக்கு உடனே கட்டை.

மலைச்சாலைப் பொறியியல் படித்தவர்

மேலே சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. சாலை அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் மலைச்சாலை விதிப்படி கொண்டை ஊசி வளைவின் உள்வட்ட ஆரம் குறைந்தது 14 மீட்டர். இரட்டை வழிச் சாலையில் வளைவின் உச்சியில் அகலம் 11.5 மீட்டர். வளைவுக்குள் ஏற்றம் 40-க்கு 1-ஐ (40 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயர்வு) தாண்டக்கூடாது. வேகம் மணிக்கு 20 கி.மீ. என்று வைத்து வடிவமைக்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு வளைவுகளுக்கு இடையே 60 மீட்டராவது வேண்டும். இத்தனையும் இருந்தால்தான் நீளமான வண்டி ஒரே மூச்சில் திரும்பும். பழைய மலைப்பாதைகளில் இந்த அளவுகளைக் கொண்டுவர வேண்டுமென்றால் மலையை வெட்ட வேண்டும். காப்புக்காட்டுக்குள் அது எளிதில் நடக்காது.

கரும்பு, மூட்டை என்று உயரமாகப் பாரம் ஏற்றுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வளைவில் சாலை உட்பக்கமாகச் சாய்த்துப் போடப்பட்டிருக்கும். விதிப்படி 10-க்கு 1 வரை. வேகமாக வரும் வண்டிக்கு அந்தச் சாய்வு உதவி. ஊர்ந்து ஏறும் உயரமான லாரிக்கு அதுவே எதிரி. வெளியே தள்ளும் விசை இல்லாததால் பாரம் முழுக்க உட்பக்கம் சாயும். ஏறும் வண்டி உட்புறமாகக் கவிழ்வதும், வேகமாக இறங்கும் வண்டி வெளிப்புறமாகக் கவிழ்வதும் இதனால்தான். கயிறு தளர்ந்து பாரம் ஓரடி நகர்ந்தாலும் போதும். பண்ணாரியில் நிறுத்திக் கயிற்றை இன்னொரு முறை இழுத்துக் கட்டாமல் ஏறக்கூடாது.

பிரேக் மெக்கானிக்

ஏறும்போது மாட்டினால் நேரம் போகும். இறங்கும்போது பிரேக் போனால் உயிர் போகும். மலை மேலே இருக்கும் ஆசனூரிலிருந்து சத்தி (சத்தியமங்கலம்) பக்கம் இறங்கி வரும் வண்டிகளுக்குத்தான் நான் அதிகம் சொல்வேன்.

திம்பம் உச்சியில் நிறுத்துங்கள். ஏர் பிரஷர் முழுதாக ஏறியிருக்கிறதா, எங்காவது காற்று கசிகிறதா, ஸ்லாக் அட்ஜஸ்டர் (பிரேக்கின் தளர்வைச் சரிசெய்யும் பாகம்) எல்லாச் சக்கரத்திலும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சக்கரத்தில் தளர்வாக இருந்தால் அதன் வேலையையும் மற்ற சக்கரங்களின் பிரேக் டிரம்கள் சேர்த்துச் செய்யும். அவை முதலில் சூடாகும்.

எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக்குழாயை அடைத்து எஞ்சினையே வேகம் குறைக்க வைப்பது) இருந்தால் மேலேயே போட்டுவிடுங்கள். எஞ்சின் சுற்று அதிகமாக இருக்கும்போதுதான் அது நன்றாகப் பிடிக்கும், ஆகவே குறைந்த கியர் அவசியம். பெடலில் காலை லேசாக வைத்துக்கொண்டே இறங்குவது மிகக் கெட்ட பழக்கம். வேகம் கூடினால் ஒரு முறை உறுதியாக அழுத்திக் குறைத்துவிட்டு, முழுதாக விடுங்கள். டிரம்முக்கு ஆற நேரம் வேண்டும்.

சூடான டிரம் வெளிப்பக்கம் விரியும். உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ அதைத் தொட அதிக தூரம் போக வேண்டும். ஷூ மேல் இருக்கும் லைனிங்கின் பிடிப்பும் குறையும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காத நிலை இப்படித்தான் வருகிறது. கருகிய வாசனை முதல் எச்சரிக்கை, புகை கடைசி எச்சரிக்கை.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறார்கள். எஞ்சின் பிடிப்பு இல்லாமல் முழுப் பாரமும் டிரம் மேல் விழுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடுவதால் கம்ப்ரசர் காற்றை மெதுவாகத்தான் நிரப்பும். நீங்களோ வளைவுக்கு வளைவு மிதித்துக் காற்றைச் செலவழிக்கிறீர்கள். காற்று குறைந்துவிட்டதென்று எச்சரிக்கும் பஸ்ஸர் கத்த ஆரம்பிக்கும். அதற்கும் கீழே பிரஷர் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடித்துப் பின் சக்கரத்தைப் பூட்டிவிடும், அது வளைவுக்குள் நடந்தாலும் சரி.

இன்னொரு டிரைவர்

டிரம் சூடானால் தண்ணீர் ஊத்திட்டுக் கிளம்புறவங்க உண்டு. அது சரியா?

பிரேக் மெக்கானிக்

வேண்டாம். வார்ப்பிரும்பு சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும். வெளியே தெரியாத விரிசல்; அடுத்த மலையில்தான் தெரியும். அகலமான இடத்தில் ஓரங்கட்டி, கட்டை வைத்து, தானாக ஆற விடுங்கள். அப்போது ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து வைக்காதீர்கள். டிரம் ஆறிச் சுருங்கும்போது ஷூவைக் கவ்விக்கொள்ளும். கட்டையை நம்புங்கள்.

வரலாறு வாசிப்பவர்

இந்தப் பாதைக்கு முன் மைசூர் பீடபூமிக்கு முக்கிய வழி மேற்கே இருக்கும் கஜல்ஹட்டிக் கணவாய். மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி ஏறும் வழி அது. 1790 செப்டம்பரில் மூன்றாம் மைசூர்ப் போரின்போது திப்பு சுல்தானின் படை அந்தக் கணவாய் வழியே இறங்கி, சத்தியமங்கலத்தில் ஆங்கிலேயத் தளபதி கர்னல் ஃபிளாய்டின் படையைத் தாக்கிக் கோவையை நோக்கிப் பின்வாங்க வைத்தது. அடிவாரத்தில் காவல் நின்ற தணாயக்கன் கோட்டை இப்போது பவானிசாகர் அணைக்குள். அணை கட்டி முடிந்தது 1955-ல். கஜல்ஹட்டி கைவிடப்பட்டு, போக்குவரத்து கிழக்கே ஆசனூர்ப் பக்கத்துக்கு மாறியதால்தான் திம்பத்துக்கு இன்றைய முக்கியத்துவம்.

பழைய வரைபடத்தில் 209 என்று தேடுங்கள். திண்டுக்கல்லில் தொடங்கி பழனி, பொள்ளாச்சி, கோவை, சத்தி, சாம்ராஜ்நகர், கொள்ளேகால் வழியாகப் பெங்களூரு போன தேசிய நெடுஞ்சாலை அது. 2010 எண் மாற்றத்துக்குப் பிறகு கோவை – பெங்களூரு துண்டு மட்டும் 948 ஆனது. பழைய பலகைகளால் இன்னும் குழம்புகிறவர்கள் உண்டு.

இதே மலைத்தொடரில்தான் 2000 ஜூலை 30 அன்று தாளவாடி அருகே தொட்ட காஜனூரில் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினான். அந்த ஆண்டுகளில் இந்தச் சாலையில் இரவில் போகத் தயங்கியதற்குக் காரணம் யானை மட்டும் அல்ல.

ஆசனூர் பக்கத்துக்காரர்

வெளியூர்க்காரங்களுக்கு ஒண்ணு புரியறதில்லைங்க. இந்த மலைக்கு ஒரு பக்கம்தான் சரிவு. திம்பம் ஏறிட்டா மறுபக்கம் அதே மாதிரி இறங்க வேண்டியதில்லை, பீடபூமிதான். ஆசனூர், காரப்பள்ளம் சோதனைச் சாவடி, அப்புறம் கர்நாடகத்தில் புணஜனூர், சாம்ராஜ்நகர்னு ரோடு மெல்ல மெல்லத் தாழ்ந்து போகும். அந்த நேர் ரோட்டில் வேகம் எடுக்கிறாங்க. ஆனா மிருகம் குறுக்கே வர்றது அங்கேதான் அதிகம்.

சத்தியமங்கலம் 2013-ல் புலிகள் காப்பகம் ஆச்சு. முதுமலை, பந்திப்பூர், பிலிகிரிரங்கன் மலைக் காடுகளுக்கு நடுவே இருக்குற இணைப்பு இது. யானை நம்ம ரோட்டைக் கடக்கலை, அதோட வழியைத்தான் நம்ம ரோடு கடக்குது. ரோட்டோரம் உண்ணிச்செடி புதரா மண்டியிருக்கு; பக்கத்தில் யானை நின்னாலும் தெரியாது.

காரப்பள்ளத்தில் யானை நிக்கறதுக்குக் காரணம் கரும்பு. கர்நாடகத்திலிருந்தும் தாளவாடியிலிருந்தும் சத்திப் பக்க ஆலைக்குக் கரும்பு லாரி வரும். அதிக உயரமா ஏத்தின வண்டி உயரத் தடுப்பில் இடிச்சுக் கரும்பு கீழே விழுது. சிலர் வேணும்னே வீசறாங்க. தின்னு பழகின யானை அடுத்த லாரியை மறிக்குது. குட்டியும் பார்த்துக் கத்துக்குது. ஒரு கட்டு கரும்புகூட ரோட்டில் விழக் கூடாது. விழுந்தா வனத்துறைக்குச் சொல்லுங்க.

யானை நின்னா நல்லா தள்ளி நிறுத்துங்க. ஹாரன் வேண்டாம், ஹெட்லைட்டை டிம் பண்ணுங்க, கீழே இறங்காதீங்க. எஞ்சினை அணைக்காம, பின்னால் வர்ற வண்டிக்கு இடம் விட்டு நில்லுங்க. அப்பத்தான் பின்வாங்க முடியும். கூட்டத்தில் பாதி கடந்துட்டுதுன்னு நடுவில் புகுந்துடாதீங்க. குட்டி இன்னொரு பக்கம் இருந்தா தாய் சும்மா விடாது.

லாரி புக்கிங் பார்ப்பவர்

தடை விவரம். 2019-ல் மாவட்ட நிர்வாகம் அறிவித்த இரவுத் தடையை நடைமுறைப்படுத்தச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதால் 2022 பிப்ரவரி 10 முதல் தடை அமலுக்கு வந்தது. தொடக்கத்தில் சரக்கு வண்டிக்கு மாலை 6 முதல் காலை 6 வரை, மற்ற வண்டிக்கு இரவு 9 முதல் காலை 6 வரை. பிறகு திருத்தம் வந்தது. 12 சக்கரமும் அதற்கு மேலும், 16.2 டன்னுக்கு மேல் பாரமும் உள்ள வண்டிகளுக்குப் பகலிலும் அனுமதி கிடையாது. உள்ளூர் மக்களுக்கும் அவசர வண்டிக்கும் விலக்கு உண்டு. கிளம்பும் நாளின் நிலவரத்தைப் பண்ணாரியில் கேட்டுவிட்டே பாரம் ஏற்றுங்கள்.

பெரிய வண்டிக்குச் சேலம், தர்மபுரி, ஓசூர் வழிதான். தூரம் கூடினாலும் நேரம் நிச்சயம். அந்தியூர், பர்கூர் வழியாகக் கொள்ளேகால் போகும் பாதையும் மலைப்பாதைதான். நீள வண்டிக்கு அதை மாற்று என்று நினைக்க வேண்டாம்.

கார், பைக்கில் போகிறவர்களுக்கு, அதே லாரி ஓட்டுபவர்

பஸ் வளைவுக்கு வருதுன்னா முழு ரோடும் அதுக்கு வேணும். கொஞ்சம் முன்னாடியே நில்லுங்க. வளைவு வாய்க்குள்ளே மூக்கை நுழைச்சா பஸ்ஸும் நிக்கும், நீங்களும் பின்வாங்க முடியாது. குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. ஓட்டுநர் விதிமுறையிலேயே இருக்கு. ஆட்டோமேட்டிக் கார்னா இறங்கும்போது டி-யில் விடாம எல் அல்லது மேனுவல் இரண்டில் போடுங்க.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணும் கல்லும் மரமும் ரோட்டில் விழும். மார்கழி காலையில் மேல் வளைவுகளில் மூடுபனி. ஹை பீம் போட்டா வெள்ளைச் சுவர்தான் தெரியும், டிம்மில் போங்க. டீசல், பெட்ரோல் சத்தியிலேயே நிரப்பிக்குங்க. மலையில் பல இடத்தில் சிக்னல் கிடைக்காது. யாருக்காவது சொல்ல வேண்டியதிருந்தால் பண்ணாரியில் சொல்லிட்டு ஏறுங்க.