மிக் பராமரிப்பு: யாருக்கு எங்கே அடிபட்டது?

கொழிஞ்சாம்பாறை:
சித்தூர் தாலுக்கா பக்கம் ஸ்கூலிலேயே லினக்ஸில் கை வைத்த பிள்ளைகள் இப்போது ஹர்ட் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். ஹர்ட் என்பது மாக் என்ற மைக்ரோகர்னல் மேல் ஓடும் ஜிஎன்யு சர்வர்களின் தொகுப்பு, எல்லாம் மெசேஜ் அனுப்பித்தான் பேசும். வந்ததும் மாட்டிக்கொள்ளும் இடம் மிக், அதாவது மாக் இன்டர்ஃபேஸ் ஜெனரேட்டர். எந்தெந்த அழைப்பு, என்னென்ன ஆர்க்யுமென்ட் என்று பட்டியலிடும் டெஃப்ஸ் ஃபைலைக் கொடுத்தால் கிளையன்ட் கோட், சர்வர் கோட், ஹெடர் மூன்றையும் எழுதித் தரும். அதைத் தொட்டு எது எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று இங்கே எழுதுங்க. "எனக்கும் வந்தது" என்று மட்டும் போடாமல் காரணத்தோடு வேண்டும்.

நானே தொடங்குகிறேன். எண் வரிசை. டெஃப்ஸ் ஃபைலின் தலையில் சப்சிஸ்டம், அதாவது அந்த அழைப்புத் தொகுப்பின் பெயரும் ஓர் எண்ணும் இருக்கும். படிக்க, எழுத உள்ள ஐஓ-வுக்கு 21000. முதலில் இருக்கும் ஐஓ ரைட்டுக்கு 21000, அடுத்த ஐஓ ரீடுக்கு 21001 என்று ஃபைலில் நிற்கும் வரிசைப்படியே எண் ஏறும். மெசேஜில் போவது இந்த எண் மட்டும்தான், பெயர் போகாது. பதிலுக்கு 100 கூடும்: 21001-க்குப் பதில் 21101.

ஒரு ரொட்டீன், அதாவது டெஃப்ஸில் உள்ள ஓர் அழைப்பு, இனி வேண்டாம் என்று அந்த வரியை அழித்தால் அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் ஒரு படி மேலே ஏறிவிடும். கம்பைல் சுத்தமாக முடியும். ஏற்கெனவே கம்பைல் ஆகிக் கிடக்கும் புரோகிராம்கள் மட்டும் தவறான கதவைத் தட்டும். ஆர்க்யுமென்ட் வகைகள் வேறுபட்டால் எரர் வந்து காப்பாற்றும். இரண்டுக்கும் ஒரே வகை ஆர்க்யுமென்ட் என்றால் எரரே வராது, வேறொரு வேலை அமைதியாக நடந்துவிடும். அதனால் எடுக்கும் இடத்தில் 'ஸ்கிப்' என்று போட்டு எண்ணைக் காலியாக விடணும். புதியது கடைசியில்தான் சேரணும், பொருத்தமான இடம் என்று நடுவில் செருகக் கூடாது. ஒரு சப்சிஸ்டத்தில் 100-க்கு மேல் போனால் 101-வது கோரிக்கையின் எண்ணும் முதல் பதிலின் எண்ணும் ஒன்றாகிவிடும்.

பதில் பக்கத்தையும் மறக்காதீங்க. ஃபைல்சிஸ்டத்துக்கான எஃப்சிஸ் 22000 என்றால் அதன் ரிப்ளை டெஃப்ஸ் தனி ஃபைல், 22100. மூல ஃபைலில் ஸ்கிப் போட்டால் அங்கும் அதே இடத்தில் ஸ்கிப்.

மீனாட்சிபுரம்:
அண்ணா, எண் சரியாக இருந்தும் புது கிளையன்ட் பழைய சர்வரிடம் பேசினால் -303 வருதே?

கொழிஞ்சாம்பாறை:
அது பேட் ஐடி, தம்பி. "அந்த எண்ணில் என்னிடம் ஒன்றும் இல்லை" என்கிறது சர்வர். அது கோளாறே இல்லை, வரவேண்டிய பதில்தான். புது ரொட்டீனைக் கூப்பிடும் கோடில் -303-ஐயும் 'ஆதரவில்லை' எரரையும் ஒன்றாகப் பாவித்துப் பழைய வழிக்குத் திரும்பணும். -304 வந்தால்தான் கவலை. எண் பொருந்தி உள்ளே போன பிறகு சரக்கு பொருந்தவில்லை என்று அர்த்தம்.

வாளையாறு:
-304-ஐ நான் எடுத்துக்கொள்கிறேன். 2017-இல் ஜிஎஸ்டி வரும்வரை எங்க ஊர்ச் சோதனைச் சாவடியில் நின்ற லாரி வரிசை நினைவிருக்கும். பட்டியலில் இருப்பதும் லாரியில் இருப்பதும் ஒத்துப்போனால்தான் வண்டி நகரும். மாக் மெசேஜும் அப்படித்தான். ஒவ்வொரு ஆர்க்யுமென்ட்டுக்கும் முன்னால் ஒரு வகைக் குறிப்பு: என்ன வகை, ஒன்று எத்தனை பிட், எத்தனை உருப்படி. மிக் எழுதிய சர்வர் கோட் அதைத் தான் எதிர்பார்ப்பதோடு ஒப்பிடும். ஒரு பிட் மாறினாலும் -304. பதிலில் அதே பொருத்தமின்மை இருந்தால் கிளையன்ட் பக்கம் -300.

32 பிட்டில் இந்தக் குறிப்பு 4 பைட். உருப்படி எண்ணிக்கைக்கு 12 பிட் என்பதால் 4095 வரைதான், அளவுக்கு 8 பிட் என்பதால் 255 பிட் வரைதான் பிடிக்கும். பெரிய ஸ்ட்ரக்டை ஒரே உருப்படியாகச் சொல்ல முடியாமல், இத்தனை இன்டிஜர் என்று பிரித்துச் சொல்வது இதனால்தான்.

64 பிட்டுக்கு வந்தபோது கணக்கே மாறியது. குறிப்பு 8 பைட், எல்லாம் 8 பைட் எல்லையில் நிற்கணும். போர்ட், அதாவது மெசேஜ் போய்ச் சேரும் வாசல்: அதன் பெயர் யூசர் பக்கம் 32 பிட், கர்னலுக்குள் அதே இடத்தில் 64 பிட் பாயின்டர் உட்காரும். அதனால் மெசேஜில் அதற்கு 8 பைட் ஒதுக்கியாச்சு. போர்ட் வரிசையை 4 பைட் பெயர்களாக நினைத்து நகலெடுக்கும் பழைய கோட் இங்கே ஒன்று விட்டு ஒன்று குப்பையாகப் படிக்கும். முதல் போர்ட் சரியாக இருக்கும், இரண்டாவது பூஜ்யம். இந்த அறிகுறியைப் பார்த்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

டெஃப்ஸில் 'இன்ட்' என்றும் சி ஹெடரில் 'லாங்' என்றும் இருக்கும் இடங்களும் 64 பிட்டில்தான் வெளியே தெரியும். அளவு ஒத்துப்போகிறதா என்று கம்பைலிலேயே பார்க்கும் ஸ்டாட்டிக் அசர்ட் விழுந்தால் அதை எடுத்துவிடாதீங்க. டெஃப்ஸைத் திருத்துங்க.

மீனாட்சிபுரம்:
பில்ட் பற்றி நான் சொல்றேன். 'மிக்' என்ற கமாண்ட் வெறும் ஷெல் ஸ்கிரிப்ட். டெஃப்ஸை சி ப்ரீபிராசசரில் ஓட்டி மிக்காம் என்ற உண்மையான கம்பைலருக்கு அனுப்பும். "சின்டாக்ஸ் எரர், இந்த வரி" என்று வந்தால் பாதி நேரம் தப்பு ப்ரீபிராசசர் மேக்ரோவில்தான். ஸ்கிரிப்டை விட்டு ப்ரீபிராசசரை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வரிசை: முதலில் ஜிஎன்யு மாக் ஹெடர்களை மட்டும் இன்ஸ்டால் பண்ணணும், அதற்கு 'இன்ஸ்டால்-டேட்டா' போதும். பிறகு மிக். அதற்குப் பிறகுதான் கர்னல், ஏன்னா கர்னலுக்கே மிக் வேணும். மிக் தன் அளவுகளை டார்கெட் கம்பைலரைக் கேட்டு எடுக்கும்: சின்ன சி ஃபைலை அசெம்பிளியாக மாற்றி அதிலிருந்து எண்களை உருவும், எதையும் ஓட்டிப் பார்க்காது. 64 பிட் மிக் கட்டும்போது 32 பிட் ஹெடர் பாதையில் கிடந்தால் மிக் நல்லபடியாகவே கட்டி முடியும். அது எழுதும் எல்லாக் கோடும் தப்பாக இருக்கும். பில்ட் டைரக்டரியில் உருவான சிபியு ஹெடரைத் திறந்து அளவுகளைக் கண்ணால் பாருங்க, நாலைந்து வரிதான்.

குப்பம்:
மெசேஜில் வந்தது யார் பொறுப்பு என்பதை இதுவரை யாரும் தொடவில்லை. அதிகம் படுத்துவது அதுதான்.

மெசேஜில் வந்த போர்ட் உரிமையையும் மெமரியையும் யார் விடுவிப்பது? சர்வர் ஃபங்ஷன் வெற்றி என்று திரும்பினால் ஃபங்ஷனே அவற்றை எடுத்துக்கொண்டதாக அர்த்தம். எரர் திரும்பினால் மெசேஜ் லூப் கோரிக்கையில் வந்ததையெல்லாம் தானே அழிக்கும். நோ ரிப்ளை, அதாவது -305, எரர் எண் போலத் தெரிந்தாலும் வெற்றிக் கணக்கில்தான் சேரும்.

போர்ட்டை டீஅலகேட் செய்துவிட்டு அடுத்த வரியில் எரர் திருப்பினால் அதே பெயர் இரண்டு முறை விடுவிக்கப்படும். இடையில் இன்னொரு த்ரெட்டுக்கு அந்தப் பெயர் போயிருந்தால் சம்பந்தமே இல்லாத போர்ட் சாகும், சர்வர் எங்கோ வேறிடத்தில் விழும். விழுந்த இடத்தைத் தோண்டிப் பயனில்லை. மாற்றிப் பிழை செய்தால், அதாவது வெற்றி திருப்பிவிட்டு விடுவிக்க மறந்தால், மெதுவாகக் கசியும். இந்த இரண்டில் கசிவே மேல் என்பேன். அதை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

இன்ட்ரான் பற்றியும்: வந்த போர்ட்டைச் சர்வரின் ஸ்ட்ரக்ட்டாக மாற்றித் தரும் ஃபங்ஷன் அது. நம்முடையதல்லாத போர்ட்டுக்கு நல் பாயின்டர் தரும், மிக் அதைச் சோதிக்காது. ஒவ்வொரு சர்வர் ஃபங்ஷனின் முதல் வரியும் அந்தச் சோதனையாகவே இருக்கணும்.

கிளையன்ட் பக்கம் ஐஓ ரீடை எடுத்துக்கோங்க. பஃபர் பாயின்டரையும் நீளத்தையும் கொடுக்கிறோம். பதில் சிறியதாக இருந்தால் நம் பஃபரிலேயே நிரப்பும். பெரியதாக இருந்தால் வேறு மெமரி வந்து பாயின்டர் மாறிவிடும். திரும்பியதும் பழைய பாயின்டரோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் விஎம் டீஅலகேட். சின்ன ஃபைலில் சோதித்துவிட்டு அனுப்பும் பேட்ச்களில் விடுபடுவது இந்த வரிதான்.

கோபாலபுரம்:
சன் ஆர்பிசிக்கு மிக் போலவே கோட் எழுதித் தரும் ஆர்பிசிஜென் பக்கமிருந்து ஒரு குறுக்கீடு. அது உருவாக்கும் கிளையன்ட் கோடில் டைம்அவுட் 25 விநாடி என்று எழுதியே வரும், பதிலும் ஸ்டாட்டிக் வேரியபிளில் இருக்கும். த்ரெட் உள்ள புரோகிராமில் இரண்டு அழைப்புகள் ஒன்றின் பதிலை ஒன்று மிதிக்கும். பெரிய எழுத்து எம் ஆப்ஷன் கொடுத்துத்தான் எடுக்கணும். சி லைப்ரரியான ஜிலிப்சி 2.32 சன் ஆர்பிசியை நீக்கியபின் தனிப் பேக்கேஜ் வேணும். அங்கே ப்ரொசீஜர் எண்ணை நாமே கையால் எழுதுவதால் கொழிஞ்சாம்பாறை சொன்ன வரிசைச் சிக்கல் கிடையாது.

மீனாட்சிபுரம்:
கம்பைலர் புதிதாக வரும்போதும் பார்க்கணும். 2024-இல் ஜிசிசி 14 அறிவிக்காத ஃபங்ஷனையும் பொருந்தாத பாயின்டரையும் எரராக்கியது. 2025-இல் ஜிசிசி 15 இயல்பாகவே சி23-க்குப் போனதால் வெறும் அடைப்புக்குறி போட்ட பழைய பாணி அறிவிப்புக்கு 'ஆர்க்யுமென்ட்டே கிடையாது' என்று அர்த்தம் ஆகிவிட்டது. மிக்கின் சொந்தக் கோடு, மிக் எழுதும் கோடு இரண்டிலும் தேடுங்க. முதலாவது விழுந்தால் உங்களுக்கு மட்டும்தான் தொல்லை, இரண்டாவது எல்லாச் சர்வரையும் இழுத்துக்கொண்டு விழும்.

கொழிஞ்சாம்பாறை:
பேட்ச் அனுப்பும் முன் மேக் செக் ஓட்டுங்க. டெஸ்ட்ஸ் டைரக்டரியில் 'குட்', 'பேட்' என்று இரண்டு உண்டு, பேடில் இருப்பவை தோற்றால்தான் பாஸ். அது போதாது. ஹர்ட்டின் எல்லா டெஃப்ஸையும் பழைய மிக்கிலும் புதிய மிக்கிலும் ஓட்டி, வந்த சி ஃபைல்களை டிஃப் பண்ணி, ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் காரணம் எழுதுங்க. ஓடும் சர்வரில் சந்தேகம் வந்தால், போகும் வரும் மெசேஜ்களைக் காட்டும் ஆர்பிசிட்ரேஸ். பெயர் இல்லாமல் வெறும் எண் வந்தால் அந்த சப்சிஸ்டத்தின் எண்களுக்குப் பெயர் தரும் எம்எஸ்ஜிஐடிஸ் ஃபைல் இன்ஸ்டால் ஆகவில்லை. எண்ணிலிருந்து தொடக்க எண்ணைக் கழித்து, டெஃப்ஸில் பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டு வாங்க, ஸ்கிப்களையும் சேர்த்து.